சர்க்கரை, சிறுநீரகம், உடல் எடை: மூன்றுக்கும் சேர்த்து எதைத்தான் சாப்பிடுவது?

கேள்வி: நெல்லை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ஒன்பது ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பும் உள்ளன. சென்ற மாதப் பரிசோதனையில் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 1.6, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 38, பொட்டாசியம் 5.3 என்று வந்திருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் வெளியேறுகிறது. சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் இரண்டாம் பகுதி என்று மருத்துவர் சொன்னார். என் உயரம் 156 செ.மீ., எடை 82 கிலோ. எடையில் ஏழெட்டுக் கிலோவாவது குறைந்தால் சிறுநீரகத்தின் சுமையும் குறையும், ஆல்புமின் வெளியேறுவதும் குறையும் என்றார்.

எனக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்துப் பருப்பும் பயறும் நிறையச் சாப்பிடுங்கள் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். இப்போது புரதம் ஆகாது, பருப்பைக் குறையுங்கள் என்கிறார்கள். சரி, காய்கறியும் கீரையும் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்றால், பொட்டாசியம் ஏறிவிடும் என்று அதையும் தடுக்கிறார்கள். மருத்துவமனையில் கொடுத்த அச்சுத் தாளின் ஒரு பக்கம் முழுவதும் தவிர்க்க வேண்டிய பொருட்களின் பட்டியல். சாப்பிடக் கூடியவை பின்பக்கம் இருக்கும் என்று திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. நேற்றிரவு அடுப்படியில் நெடுநேரம் நின்றுவிட்டு, எதைச் சமைப்பது என்று தெரியாமல் நான்கு பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

உடன் பணிபுரியும் ஒருவர் புரதப் பொடியும், மாவுச்சத்தை அறவே தவிர்க்கும் கீட்டோ உணவும் எடுத்தால் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்கிறார். இன்னொருவர் தினமும் வாழைத்தண்டுச் சாறும் நான்கு லிட்டர் தண்ணீரும் குடிக்கச் சொல்கிறார். இந்த நோயோடு எடையைக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால், எதில் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில் 1: மதுரை உணவியலாளர் (ஓய்வு)

டீச்சர், வணக்கம். சிறுநீரகப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் உணவு ஆலோசகராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் குழப்பத்தில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. தனித்தனி நோய்க்கான தனித்தனிப் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தால், கடைசியில் தட்டில் எதுவும் மிஞ்சாது. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுங்கள். எதை எவ்வளவு குறைப்பது என்பதை நோயின் பெயர் முடிவு செய்வதில்லை, அந்தத் தாளில் உள்ள எண்கள்தாம் முடிவு செய்கின்றன.

முதலில் புரதம். "புரதம் ஆகாது" என்பது பாதி உண்மை. டயாலிசிஸுக்கு வராத உங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே 2024-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்லும் அளவு, 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு 82 கிலோவை அப்படியே பெருக்குவதில்லை. உயரத்துக்கு உரிய எடையைச் சற்றே உயர்த்தி, உங்களுக்கு 62 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வரும். இது பட்டினிக் கணக்கு இல்லை. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் சேர்த்துப் பத்து கிராம்; மதியம் 60 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் பருப்பு, ஒரு பொரியல், ஒரு சிறு கிண்ணம் தயிர் சேர்த்துப் பதினேழு; ஒரு முட்டை ஆறு; இரவு இரண்டு சப்பாத்தியும் பயறு போட்ட கூட்டும் பத்து; நாள் முழுவதும் காபிக்கு ஊற்றும் பால் ஒரு டம்ளர் என்றால் ஆறு. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த 50 வந்துவிடும். நம் வீட்டுச் சாப்பாடு இயல்பாகவே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. புரதப் பொடியில் ஒரு கரண்டிக்கே 24, 25 கிராம் இருக்கும். இரண்டு வேளை குடித்தால் ஒரு முழு நாளின் அளவு அதிலேயே தீர்ந்துவிடும். அதைத் தொட வேண்டாம்.

அதே சமயம், எடை குறைய வேண்டும் என்று அந்த 50 கிராமிலும் கை வைத்துவிடாதீர்கள். அப்போது கரைவது கொழுப்பாக இருக்காது, தசையாக இருக்கும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் இறங்கும், இ.ஜி.எஃப்.ஆர். ஏறியதாகத் தாள் காட்டும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று குடும்பமே மகிழ்ந்த சில வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேகமாக எடை குறைந்தவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

அப்படியானால் எடை எதிலிருந்து குறையும்? எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் மாலைப் பலகாரத்திலிருந்தும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டர் ஆகிறதென்றால் அதை அரை லிட்டராக்குங்கள். அதிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 கலோரி குறைகிறது. பள்ளி விட்டு வந்ததும் சாப்பிடும் வடை, மிக்சர், பிஸ்கட் இவற்றை நிறுத்தினால் இன்னொரு 200, 300 கலோரி போகும். இப்படி நாளொன்றுக்கு 400, 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் எடை இறங்கும். அந்த வேகம் போதும். இடையில் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடினாலோ குறைந்தாலோ அது கொழுப்பு இல்லை, நீர் என்று கொள்ளுங்கள். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நிற்கிறதென்றால் மருத்துவரிடம் போங்கள்.

பொட்டாசியம் 5.3 என்பது கவனிக்க வேண்டிய அளவுதான், ஆனால் காய்கறியையே ஒதுக்கச் சொல்லும் அளவு இல்லை. இளநீர், உலர் திராட்சை, பேரீச்சை, வாழைப்பழம், தக்காளித் தொக்கு, கீரைச் சாறு, காய்கறி சூப் ஆகியவற்றை நிறுத்துங்கள். வாழைத்தண்டுச் சாறும் இந்த வரிசையில்தான் வரும். கல் அடைப்புக்குச் சொல்லப்பட்ட கை வைத்தியத்தைச் செயல் குறைந்த சிறுநீரகத்துக்குக் கொண்டு வருவது ஆபத்து. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, முட்டைகோஸ், வெள்ளரிக்காய் உங்களுக்கு உகந்தவை. இவற்றில் கலோரியும் குறைவு. பழத்துக்கு ஆப்பிள், பேரிக்காய், ஒரு கீற்று அன்னாசி. சிறுதானியம் என்றால் நல்லதுதானே என்று கேழ்வரகுக் கூழுக்கு மாறிவிடாதீர்கள். தீட்டிய அரிசியைவிட அதில் பொட்டாசியம் பல மடங்கு. மலச்சிக்கல் இருந்தாலும் பொட்டாசியம் ஏறும் என்பதைப் பலர் அறிவதில்லை, ஏனென்றால் சிறுநீரகம் தளரும்போது குடல்தான் அதில் ஒரு பங்கை வெளியேற்றுகிறது. இரத்தக் கொதிப்புக்கு நீங்கள் எடுக்கும் மாத்திரையும் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றக் கூடியதாக இருக்கலாம். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதும் அதே மாத்திரையாக இருக்கலாம், ஆகவே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வீக்கம் இல்லாதவரை தாகத்துக்குக் குடியுங்கள். நான்கு லிட்டரால் தேய்ந்த வடிகட்டி புதிதாகிவிடாது.

பதில் 2: ஈரோட்டு வாசகர்

சகோதரி, கீட்டோ என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வயது 46, ஜவுளி வியாபாரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் இ.ஜி.எஃப்.ஆர். 52, எடை 97 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள் என்று சோறு, இட்லி, சப்பாத்தி அனைத்தையும் நிறுத்திவிட்டுக் காலையில் நான்கு முட்டை, மதியம் கோழி, இரவு பன்னீர், இடையில் புரதப் பொடி என்று இருந்தேன். இரண்டரை மாதத்தில் 11 கிலோ குறைந்தது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள்.

அப்போது நான் டபாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வது. அதை இன்றும் எடுக்கிறேன். ஆனால் மாவுச்சத்தை அறவே நிறுத்திவிட்டு அந்த மாத்திரையை எடுக்கக் கூடாது என்பதை யாரிடமும் நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடையில் இருந்தபோது வாந்தி தொடங்கியது. இரவுக்குள் மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 190-தான் இருந்தது, அதனால் பயமில்லை என்று காலை வரை காத்திருந்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரும் பிழை. கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. இந்த மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அதிகம் ஏறாமலேயே அந்த நிலை வரக் கூடும் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு நாள் அங்கே கிடந்தேன். வெளியே வந்தபோது கிரியேட்டினின் முன்பிருந்ததைவிட ஏறியிருந்தது, முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்பவும் இல்லை.

அதன் பிறகு சோற்றை அளந்து சாப்பிடுகிறேன், தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன், வாரம் இரண்டு நாள் லேசான எடைப் பயிற்சி. பதினான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு நானாகவே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். எடை அதிகமுள்ள பலரின் சிறுநீரகத்தை அதுவும் சேர்த்தே கெடுக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

எடை குறைக்கும் மூலிகைச் சூரணம், கஷாயம் என்று யாராவது கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றில் மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்கு, நன்றாக இருந்த சிறுநீரகம் சில மாதங்களில் சுருங்கிப் போனது. அரிஸ்டோலோக்கியா என்ற செடி இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள்தான் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். நம் ஊரில் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று சொல்கிறோமே, அவையும் அதே செடி இனத்தைச் சேர்ந்தவைதாம். இயற்கையானது என்பதற்காக ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது.

பதில் 3: தஞ்சாவூர் இல்லத்தரசி

டீச்சரம்மா, நான் படித்தவள் இல்லை. என் கணவருக்கு ஆறு ஆண்டுகளாக இந்த நோய்க்கென்று சமைத்து வருகிறேன், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் கை வைத்தது உப்பில்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் கூடாது என்றார்கள். தினமும் காலையில் அவருக்குரிய உப்பை ஒரு சிறிய எவர்சில்வர் மூடியில் எடுத்து வைத்துவிடுவேன். இட்லி மாவு முதல் இரவு ரசம் வரை எல்லாம் அதிலிருந்துதான். மூடி காலியாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கே கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் அதுவும் எளிது: நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ பாக்கெட் உப்பு தீர்ந்துகொண்டிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவு பிசையும்போதும் உப்புப் போடுவதில்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு ஐந்தும் வீட்டுக்குள் வருவதில்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். முதல் மூன்று வாரம் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன நாட்கள் உண்டு. எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலைப் பொடி என்று மாற்றி மாற்றிச் செய்தேன். நான்காம் வாரம் கல்யாண வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, கரிக்கிறதே என்றார். நாக்கு மாறிவிட்டது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். உப்பு குறைந்ததில் தாகம் குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது, முதல் மாதத்திலேயே எடையில் இரண்டு கிலோ இறங்கியது. அது நீர்தான் என்றாலும், படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது நின்றது.

ஒரு தவறும் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்றதை, நல்லதுதானே என்று மகன் வாங்கி வந்தான். நானும் இரண்டு மாதம் அதைப் போட்டேன். பொட்டாசியம் 6.1 என்று வந்தது. மருத்துவமனையில் உடனே இ.சி.ஜி. எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பாக்கெட்டின் பின்னால் சிறிய எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று அச்சிட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் அந்த வகை உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

காய்கறிக்கு நான் செய்வது இதுதான். பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவேன். பிறகு அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்து வடித்துவிட்டு, அதன் பிறகே தாளிப்பேன். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேக வைத்தால் பொட்டாசியம் எல்லாம் அதற்குள்ளேயே நின்றுவிடும். சாம்பாருக்கும் அப்படியே, காயைத் தனியாக வேக வைத்து வடித்துக் கடைசியில் சேர்ப்பேன். உருளைக்கிழங்கும் சேனையும் மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் இப்படி வடித்து.

நெல்லை ஆசிரியை (மீண்டும்)

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எவர்சில்வர் மூடி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரிக்காயும் ஒரு கைப்பிடி பொரியும். எடை 80.6. கணுக்கால் வீக்கம் பெரும்பாலும் இல்லை.

மூன்று சந்தேகங்கள் உள்ளன. சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தபோது விடியற்காலை நான்கு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி விழித்தேன். சர்க்கரை 58 இருந்தது. நான் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற மாத்திரைகளை எடுக்கிறேன். இரண்டாவது, எடை குறைக்கும் ஊசி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது எனக்கு ஆகுமா? மூன்றாவது, என் மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. அவரும் சற்றுப் பருமனானவர்தான். எனக்குச் சமைப்பதையே அவருக்கும் கொடுக்கலாமா?

மதுரை உணவியலாளர் (ஓய்வு)

டீச்சர், 58 என்பது பொறுத்துப் பார்க்கக் கூடிய விஷயம் இல்லை. இன்றே மருத்துவரை அழையுங்கள். சாப்பாடு குறையும்போது மாத்திரையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். அதோடு, சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் உடலில் நெடுநேரம் தங்கும். முன்பு பொருந்திய அளவு இப்போது அதிகமாகிவிடும். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே வந்துவிட்டதால் மெட்ஃபார்மின் அளவையும் அவர் மறுபடி பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் அதை நிறுத்திவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள், ஏகாதசி விரதமும் இப்போதைக்கு வேண்டாம். சர்க்கரை இறங்கினால் இளநீரோ ஆரஞ்சுச் சாறோ குடிக்காமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. செமாகுளுடைடு என்ற அந்த வகை ஊசியைச் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்து உள்ளவர்களிடமே சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். சிறுநீரகம் செயலிழப்பது, இதய நோயால் இறப்பது போன்ற பெரும் பாதிப்புகள் 24 சதவீதம் குறைந்தன. ஆகவே உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆனால் தொடக்கத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக் கூடும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சட்டென்று தளரும். பசி குறையும்போது முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது பருப்பும் முட்டையும்தான். ஊசி தொடங்கினால் அந்த 50 கிராமை எழுதி வைத்துச் சாப்பிடுங்கள். கண் பரிசோதனையையும் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனாருக்கு உங்கள் சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் புரதத்தின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது, அதனால் அவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. உங்களுக்கு ஒரு முட்டை என்றால் அவருக்கு மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, முடிந்தால் ஒரு துண்டு மீன். உப்பும் பொட்டாசியமும் உங்களுக்கு உள்ள கட்டுப்பாடுதான், தண்ணீர் மட்டும் அவருக்கு அளந்து கொடுக்க வேண்டும். அவர் பருமனாக இருக்கிறாரே என்று எடையைக் குறைக்க நீங்களாக முயல வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவருக்குச் சதை வற்றி எடை குறைவது நல்ல அறிகுறி இல்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யும் எண்ணம் இருந்து, அதற்காக எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்றால் மட்டும் அந்த மையத்தின் உணவியல் நிபுணரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். காயை வடித்து எடுத்த பிறகு உங்கள் இருவருக்கும் ஒரே பொரியல் போதும். முட்டையையும் பருப்பையும் மட்டும் தனித்தனியாக அளந்து தட்டில் வையுங்கள்.